அடிக்குப் படியாத மாணவன்: முஸ்லிம் நாகரிகத்தில் வேட்டைச் சிவிங்கி

வளைகுடா நாடொன்றில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து ஒரு மஸ்அலா கேட்டார். அவர் குடியிருப்பது பலமாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில். மகளின் பிடிவாதத்துக்காக ஒரு பூனை வளர்க்கிறார்கள். அது நாளெல்லாம் சன்னலருகே அமர்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருக்கிறதாம். இரக்கப்பட்டு, பூனைக்கென விற்கும் மார்புப்பட்டையும் கயிறும் வாங்கி வந்தார். பட்டையை மாட்டியதுமே பூனை தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. இழுத்தால் சறுக்கிக்கொண்டு வருகிறதே தவிர நடக்க மறுக்கிறது. "ஹஜ்ரத், பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றி நீங்கள்தானே பாடம் நடத்தினீர்கள்? நான் செய்வது அதில் சேருமா?" என்று கேட்டார்.

கேள்வியின் முதற்பகுதிக்கு விடை எளிது. இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள அந்த ஹதீஸில் கண்டிக்கப்படுவது கயிறு மட்டுமன்று. அப்பெண் பூனையைக் கட்டிவைத்தாள், உணவும் கொடுக்கவில்லை, தரையில் ஊரும் சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னும்படி அவிழ்த்துவிடவும் இல்லை. ஆகவே உணவும் நீரும் தவறாமல் கொடுப்பவர் பூனையை வளர்ப்பதும் கட்டுவதும் ஆகுமானவையே என்று இந்த ஹதீஸிலிருந்தே சட்டம் எடுக்கப்படுவதை இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) தமது ஃபத்ஹுல் பாரீயில் எடுத்துக்காட்டுகிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் உண்டு. கட்டுதல் காவலாகவும் இருக்கலாம் என்பது அதனால் விளங்கும்.

ஆனால் மாணவரின் கேள்வியில் இன்னொரு பகுதி மறைந்திருந்தது. கட்டலாம் என்பது சரி. கட்டப்படுவதை விரும்பாத பூனையை எப்படி நடத்துவது? "கூடும்", "கூடாது" என்னும் இரு சொற்களுக்குள் இது அடங்காது. விடை தேடி நூல்களைப் புரட்டியபோது, பூனைக் குடும்பத்தின் பெரிய உறுப்பினன் ஒருவனைக் கழுத்துப்பட்டை மாட்டி, கயிற்றில் நடத்தி, குதிரை மேல் ஏற்றி வேட்டைக்கு அழைத்துச் சென்ற ஓர் ஆயிரமாண்டுக் கலை நம் முன்னோரிடம் இருந்தது நினைவுக்கு வந்தது. அந்த விலங்கை அரபியர் 'ஃபஹ்து' என்றனர், வடநாட்டில் 'சீதா', தமிழில் சிவிங்கி.

ஃபஹ்து என்னும் விலங்கு

ஃபஹ்தையும் நமிரையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. நமிர் என்பது சிறுத்தை. உடலில் வளைய வளையமான புள்ளிகளும் மரமேறும் இயல்பும் கொண்டது. ஃபஹ்தின் புள்ளிகள் கருப்பு மையால் தொட்டு வைத்தாற்போல் தனித்தனியாக இருக்கும். கண்ணின் உள்முனையிலிருந்து வாய் வரை கண்ணீர்த் தாரை போல் ஒரு கருங்கோடு இறங்கும். ஏனைய பூனையினங்களைப் போல நகங்களை முழுமையாக உள்ளிழுத்துக்கொள்ள அதனால் இயலாது. தரைவாழ் விலங்குகளில் மிக விரைந்து ஓடக்கூடியது. மணிக்கு 100 கிலோமீட்டர் அளவிலான வேகத்தை எட்டும். ஆயின் அந்த ஓட்டம் சில நூறு மீட்டர்களோடு முடிந்துவிடும். அதற்குள் இரை சிக்காவிட்டால் அது நின்றுவிடும்.

இவ்விலங்கு அரபியரின் மொழியிலும் இடம்பெற்றது. மிகுதியாகத் தூங்குபவனை ஃபஹ்தினும் அதிகம் தூங்குபவன் என்பது அவர்கள் வழக்கு. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் உம்மு ஸர்உ ஹதீஸில், தம் கணவன்மாரைப் பற்றிப் பேசும் பதினொரு பெண்களுள் ஐந்தாமவள் தன் கணவன் வீட்டுக்குள் ஃபஹ்தாகவும் வெளியே சிங்கமாகவும் இருப்பதாகச் சொல்கிறாள். வீட்டில் குறைகளைக் கண்டும் காணாமல் இருப்பவன் என அதற்குப் பொருள் கூறிய விரிவுரையாளர்கள், ஃபஹ்தின் உறக்கத்தையே உவமையின் அடிப்படையாகக் கொண்டனர்.

ஹிஜ்ரி 808இல் மறைந்த தமீரீ (ரஹ்) தமது ஹயாத்துல் ஹயவானில், ஃபஹ்தைக் கொண்டு முதலில் வேட்டையாடியவர் இஸ்லாத்துக்கு முற்பட்ட குலைப் இப்னு வாயில் என்றும், அதை முதலில் குதிரையில் ஏற்றியவர் யஸீத் இப்னு முஆவியா என்றும், அதில் பெரிதும் ஈடுபாடு கொண்டவர் என அறியப்பட்டவர் அபூமுஸ்லிம் குராஸானீ என்றும் எழுதுகிறார். இந்த 'முதலில்' என்பவற்றை வரலாற்று முடிவாகக் கொள்வதற்கில்லை. எனினும் உமய்யாக்கள் காலத்திலேயே இக்கலை அரசவைக்குள் வந்துவிட்டது என்னும் நினைவு இவற்றில் தங்கியிருக்கிறது. அப்பாசியர் காலத்தில் வேட்டை விலங்குகளையும் பறவைகளையும் பழக்குவது தனித் துறையாகி, அதற்கென நூல்கள் தோன்றின. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் கவிஞர் குஷாஜிம் எழுதிய நூலும், எகிப்தில் ஃபாத்திமீ கலீஃபா அல்அஸீஸின் வேட்டைப்பறவைப் பொறுப்பாளர் எழுதிய 'அல்பைஸரா'வும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஃபஹ்தைப் பழக்குபவருக்கு 'ஃபஹ்ஹாத்' என்றே ஒரு தொழிற்பெயர் ஏற்பட்டது.

சட்டநூல் பேசும் கல்வி

இக்கலை அரசரின் பொழுதுபோக்காக மட்டும் நின்றிருந்தால் நம் மத்ரஸாக்களில் அதைப் பற்றிப் பேச இடமிருந்திராது. அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் வேட்டை விலங்குகளைப் பற்றிப் பேசுகிறது. அல்லாஹ் உங்களுக்குக் கற்றுத் தந்ததிலிருந்து நீங்கள் அவற்றுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், அவை உங்களுக்காகப் பிடித்து வைத்ததை உண்ணலாம் என்பது அதன் கருத்து. விலங்குக்குக் கற்பிப்பவனும் தானே ஒரு மாணவன் என்னும் குறிப்பு அதில் அடங்கியிருக்கிறது. வசனத்திலுள்ள 'முகல்லிபீன்' என்னும் சொல் நாயைக் குறிக்கும் 'கல்ப்' என்பதிலிருந்து பிறந்ததாயினும், ஃபஹ்தும் ராஜாளியும் இதில் அடங்கும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து.

அப்படியாயின், ஒரு விலங்கு 'கற்றது' என எப்போது சொல்வது? ஷாஃபிஈ மத்ஹபில், ஏவினால் செல்ல வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தின்னாமல் உரிமையாளனுக்காக வைத்திருக்க வேண்டும். இவை திரும்பத் திரும்ப நிகழ்ந்து, அது கற்றுவிட்டது என்னும் எண்ணம் ஏற்பட வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் நாய் மூன்று முறை இரையைத் தின்னாமல் விடுவது அடையாளம். ராஜாளிக்கோ அழைத்தால் திரும்பி வருவதே அடையாளம்.

இந்த வேறுபாட்டுக்கு மர்கீனானீ (ரஹ்) தமது ஹிதாயாவில் இரு காரணங்கள் தருகிறார். ஒன்று: பறவையின் உடல் அடியைத் தாங்காது, நாயின் உடல் தாங்கும், ஆகவே அடித்துத் திருத்தி இரையைத் தின்னாமலிருக்கப் பழக்குவது நாய்க்கே இயலும். மற்றொன்று: கற்றதன் அடையாளம் இயல்பான வழக்கத்தை விடுவதாகும். ராஜாளியின் இயல்பு வெருண்டு விலகுவது. எனவே திரும்பி வருவது அதன் கல்வி. நாயின் இயல்பு மனிதரோடு பழகிப் பறித்துத் தின்பது. எனவே தின்னாமலிருப்பது அதன் கல்வி.

பின்வந்த விரிவுரையாளர்கள் இங்கே ஒரு வினா எழுப்பினர். ஃபஹ்தும் ராஜாளியைப் போல வெருளும் காட்டுயிர்தானே? ஆயினும் சட்டத்தில் அது நாயோடு வைக்கப்பட்டுள்ளதே? ஆகையால் இரண்டாம் காரணம் அதற்குப் பொருந்தாது; உடல் அடியைத் தாங்கும் என்ற முதற்காரணத்தையே நம்ப வேண்டும் என்று முடித்தனர். தர்க்க ரீதியில் இது சரியான முடிவே. எனினும் உடல் அடியைத் தாங்கினால் அடியால் கற்றுவிடுமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை ஸரக்ஸீ (ரஹ்) அவர்களின் அல்மப்ஸூத்தில் கிடைக்கிறது.

ஹல்வானீ கண்ட ஐந்து பண்புகள்

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் புகாராவில் வாழ்ந்த ஷம்சுல் அயிம்மா ஹல்வானீ (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் ஸரக்ஸீ. ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகி உஸ்கந்தில் ஆண்டுக்கணக்கில் சிறைப்பட்டவர். அல்மப்ஸூத்தை அந்தச் சிறையிலிருந்தே நினைவிலிருந்து சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொண்ட வரலாற்றை நம் மத்ரஸாக்களில் கேளாதவர் இல்லை. அந்நூலின் வேட்டை பற்றிய பாடத்தில், அறிவுடையோர் ஃபஹ்திடமிருந்து கற்க வேண்டியவை எனத் தம் ஆசிரியர் கூறியவற்றை அவர் நினைவுகூர்கிறார்.

அவற்றின் சாரம் இது. ஃபஹ்து இரை கைக்கு எட்டும் வரை பதுங்கிக் காத்திருக்கும். எசமானனின் பின்னால் ஓடாது. தேவையுடையவன் அவன் என்பதால் அவனே தன்னைக் குதிரையில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று அது எண்ணுவது போல் இருக்கும். அதை அடித்துக் கற்பிக்க இயலாது. இரையைத் தின்ற நாய் தன் முன்னால் தண்டிக்கப்படுவதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். இழிந்த உணவைத் தீண்டாது; நல்ல இறைச்சியையே எதிர்பார்க்கும். மூன்று அல்லது ஐந்து பாய்ச்சலில் இரை சிக்கினால் சரி. இல்லையேல் பிறருக்காகச் செய்யும் வேலையில் தன் உயிரை மாய்த்துக்கொள்ள அது முன்வராது.

கடைசிப் பண்பை இன்றைய உயிரியலும் உறுதிப்படுத்துகிறது. தொடக்கப் பாய்ச்சல்களில் முழு ஆற்றலையும் செலவிட்டபின் அது ஓட்டத்தைக் கைவிடுவதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியுள்ளனர். மூன்றாவது பண்பு நம் பொருளுக்கு நேரானது. சட்ட வகையில் நாயோடு சேர்க்கப்பட்ட விலங்கு, கல்வி வகையில் நாயோடு சேரவில்லை. அதன் உடல் அடியைத் தாங்கும். அதன் இயல்பு அதை ஏற்காது. நாய் கூட்டமாக வாழும் இனத்திலிருந்து வந்தது. தலைமைக்குப் பணிவது அதன் பிறவியிலேயே உண்டு. பூனையினத்தில் பெரும்பாலானவை தனித்து வேட்டையாடுபவை. பணிவு என்பதே அவற்றுக்கு அறிமுகமில்லாத பாடம். அடித்தால் அவை அஞ்சும். அஞ்சியபின் அடித்தவனை விட்டு விலகும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்தி வருகிறேன். தொடக்க ஆண்டுகளில் என் மேசை மீதும் பிரம்பு இருந்தது. ஒருவனை அடித்தால் பத்துப் பேர் கற்பார்கள் என்று அப்போது நம்பினேன். ஹல்வானீயின் மூன்றாம் பண்பை அதற்குச் சான்றாகவும் காட்டினேன். பின்னர்தான் ஒன்றைக் கவனித்தேன். அடிபட்டவனைப் பார்த்து மற்றவர்கள் வாய்திறக்காமலிருக்கக் கற்றார்கள். ஸர்ஃபு வாய்ப்பாட்டைக் கற்றவர்கள் வேறு காரணத்தால் கற்றார்கள். சிலர் ஊருக்குப் போய்த் திரும்பவே இல்லை. அவர்கள் மந்தமானவர்கள் அல்லர் என்பதை இப்போது உணர்கிறேன். அதே பக்கத்தை இன்று நடத்தும்போது, மற்ற நான்கு பண்புகளையும் சேர்த்தே நடத்துகிறேன்.

பழக்கிய விதம்

ஃபஹ்ஹாதுகள் சிவிங்கியை எப்படிப் பழக்கினர்? குட்டியைப் பிடித்து வளர்ப்பதே எளிது என நாம் நினைப்போம். ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிஸ் தமது கிதாபுல் ஹயவானில் இதற்கு மாறாகச் சொல்கிறார். மனிதர் கையில் வளர்ந்த குட்டியைவிட, முதிர்ந்தபின் பிடிபட்டுப் பழகியதே சிறந்த வேட்டை விலங்காகிறது என்பது அவர் கருத்து. காரணம் தெளிவு. சிவிங்கிக் குட்டி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் தாயுடன் இருந்தே வேட்டையைக் கற்கிறது. அந்தக் கல்வியை மனிதரால் தர இயலாது. பழக்குபவர் கற்பித்தது வேட்டையை அன்று. மனிதரின் அருகாமையைப் பொறுத்துக்கொள்வதை மட்டுமே.

அதன் முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே. பிடிபட்ட சிவிங்கியின் கண்களை முகமூடியால் மறைப்பர். காணாததற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதால் அது அடங்கியிருக்கும். பழக்குபவர் ஒருவரே தம் கையால் உணவளிப்பார். அவர் குரலையும் மணத்தையும் உணவோடு சேர்த்தே அது அறியும். முகமூடியைச் சிறிது சிறிதாக விலக்குவர். பின்னர் கயிற்றில் பிடித்து மக்கள் நடமாட்டமுள்ள இடங்களுக்கு அழைத்துச் செல்வர். வட இந்திய சமஸ்தானங்களில் கடைத்தெருக்களில் சிவிங்கிகள் நடத்திச் செல்லப்பட்டது 19ஆம் நூற்றாண்டிலும் காணக்கூடிய காட்சியாயிருந்தது. கழுத்தில் ஒரு பட்டையும் இடுப்பைச் சுற்றி மற்றொரு பட்டையும் கட்டுவதுண்டு. கழுத்தை மட்டும் இழுத்தால் விலங்கு திமிறும் என்பதை அனுபவம் கற்றுக்கொடுத்திருந்தது.

வேட்டையில் இரையைப் பிடித்த சிவிங்கியிடமிருந்து அதைப் பறிப்பதில்லை. பழக்குபவர் மானை அறுத்து, வழியும் குருதியை மரக்கரண்டியில் ஏந்தி அதன் வாயருகே நீட்டுவார். அது கரண்டிக்குத் திரும்பும்போது முகமூடி மாட்டப்படும். கொடுத்து வாங்குவதே முறை.

ஒரு வீட்டுக் காட்சி இக்கலையின் இன்னொரு பக்கத்தைக் காட்டும். சிலுவைப் போர்க் காலத்தில் சிரியாவின் ஷைஸர் கோட்டையில் பிறந்த உஸாமா இப்னு முன்கித் (ஹிஜ்ரி 488-584) தமது கிதாபுல் இஃதிபாரில் தம் தந்தையின் பெண் சிவிங்கியைப் பற்றி எழுதுகிறார். அத்தந்தை நோன்பும் குர்ஆன் பிரதி எழுதுவதும் வேட்டையுமாக வாழ்ந்தவர். அச்சிவிங்கிக்கு வீட்டிலேயே மென்மையான விரிப்பு உண்டு; பணிவிடைக்கு ஒரு பணிப்பெண் உண்டு. முற்றத்தில் மான்களும் ஆடுகளும் குட்டிகளும் திரிந்தன. வெளியே மானை வீழ்த்திய அதே விலங்கு வீட்டில் அவற்றை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அப்பணிப்பெண் அதன் மேனியைச் சீப்பால் வாருவாள். ஒருநாள் விரிப்பை அது நனைத்துவிட, அவள் உலுக்கி அடித்தபோதும் அது உறுமவில்லை. அடி கற்பித்ததற்கு இது சான்றாகாது. நாள்தோறும் வாரிவிட்ட கையை அது ஏற்கெனவே தன்னுடையதாகக் கொண்டிருந்தது என்பதற்கே இது சான்று.

முகலாயர் அவையில்

இக்கலை உச்சத்தை எட்டியது இந்தியாவில். இளவரசர் அக்பரின் கைக்கு முதலில் வந்த சிவிங்கி, 1555இல் மாச்சிவாராப் போரில் ஆப்கானியரிடமிருந்து கிடைத்தது. பேரரசரானபின் அவர் இக்கலையில் காட்டிய ஈடுபாட்டை அபுல் ஃபஸ்ல் தமது ஆயினே அக்பரீயில் விரிவாக எழுதியுள்ளார். பழைய ஆழமான பொறிக்குழிகளில் விழுந்த சிவிங்கிகள் காலொடிந்தன. அக்பர் இரண்டு மூன்று கஜம் மட்டுமே ஆழமுள்ள, விழுந்ததும் தானே மூடிக்கொள்ளும் கதவுடைய குழியை அமைக்கச் செய்தார். முன்பு இரண்டு மூன்று மாதங்கள் எடுத்த பயிற்சி 18 நாட்களில் முடிந்தது என்கிறார் அபுல் ஃபஸ்ல். சிவிங்கிகள் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகுப்புக்கு நாளொன்றுக்கு ஐந்து சேர் இறைச்சி, கடைசி வகுப்புக்கு இரண்டே முக்கால் சேர். சமந்த் மானிக் என்னும் சிவிங்கி பல்லக்கில் ஏற்றப்பட்டு, முரசு முழங்க வேட்டைக்குச் சென்றது.

இத்தனைக்கும் நடுவே ஒன்று மட்டும் கைகூடவில்லை. ஜஹாங்கீர் தமது துஸுக்கில் அதைப் பதிவு செய்கிறார். தந்தையார் ஒரு காலத்தில் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்திருந்தார். அவை இணைந்து குட்டி ஈன வேண்டும் என்று பெரிதும் விரும்பினார். ஆண்களையும் பெண்களையும் பட்டையைக் கழற்றித் தோட்டங்களில் உலவவிட்டும் பார்த்தார், பயனில்லை. ஜஹாங்கீரின் ஆட்சியில், 1613ஆம் ஆண்டளவில், ஓர் ஆண் சிவிங்கி தானே கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு பெண் இருந்த இடத்துக்குச் சென்றது. இரண்டரை மாதங்கள் கழித்து மூன்று குட்டிகள் பிறந்தன. மனிதர் காவலில் சிவிங்கி ஈன்றதாக அடுத்து நமக்குக் கிடைக்கும் பதிவு 1956இல், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா விலங்குக் காட்சிச்சாலையில்தான். இடைப்பட்டவை ஏறத்தாழ 340 ஆண்டுகள்.

இந்தச் செய்தியை வியப்புக்குரிய துணுக்காகப் படித்துவிட்டுப் போய்விடலாகாது. இக்கலையின் விலை இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. குதிரையும் ஒட்டகமும் மனிதரிடம் பெருகின. சிவிங்கியோ பெருகவில்லை. ஆகையால் அரசவையில் இறந்த ஒவ்வொன்றுக்கும் ஈடாகக் காட்டிலிருந்து ஒன்று பிடிக்கப்பட்டது. அன்போடு பழக்கினாலும் அன்பின்றிப் பழக்கினாலும் காடு ஒன்றை இழந்தது. நம் முன்னோரின் திறமையைப் போற்றும்போது இந்தக் கணக்கையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

கணக்கு முடிந்த விதம்

முகலாயருக்குப் பின் நவாபுகளும் ராஜாக்களும் அவ்வழக்கைத் தொடர்ந்தனர். சென்னைக்கும் இதில் ஒரு சிறு தொடர்புண்டு. சென்னை ஆளுநராயிருந்த ஜார்ஜ் பிகாட் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியை அன்பளிப்பாக அனுப்பினார். 1764இல் வின்ட்சர் பூங்காவில், அதனுடன் வந்த இந்தியர் இருவர் அதை ஒரு கலைமான் மீது ஏவினர். மான் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நின்றது, சிவிங்கி பின்வாங்கியது. பின்னர் அடைப்பைக் கடந்து காட்டுக்குள் சென்று தானே தெரிந்தெடுத்த வேறொரு மானை வீழ்த்தியது. ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த, இப்போது மான்செஸ்டரில் உள்ள ஓவியத்தில், சிவிங்கியின் இடுப்பைச் சுற்றிய சிவப்புப் பட்டையை ஓர் இந்தியர் பிடித்திருக்கிறார். முகமூடி நெற்றிக்கு மேல் தள்ளப்பட்டிருக்கிறது. அதன் முகத்திலோ ஆர்வம் ஏதுமில்லை. அந்தக் காட்சி ஹல்வானீயின் சொற்களுக்கு வரைந்த விளக்கப்படம் போலவே எனக்குத் தோன்றுகிறது.

பிரிட்டிஷார் காலத்தில் புல்வெளிகள் உழவு நிலங்களாயின, மான்கள் குறைந்தன, பரிசுத் தொகைக்காகவும் சிவிங்கிகள் கொல்லப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சமஸ்தான மன்னர்கள் வேட்டைச் சிவிங்கிகளை ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. 1947இல், இன்றைய சத்தீஸ்கரிலுள்ள கொரியா சமஸ்தானத்தின் மன்னர் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகள் என அவையே பெரிதும் குறிப்பிடப்படுகின்றன. 1952இல் அவ்வினம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டும், மிகச் சொற்ப எண்ணிக்கையில் எஞ்சியுள்ளது.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் ஆக ஆப்பிரிக்கச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் கூனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. இவற்றின் கழுத்திலும் பட்டை உண்டு. இருப்பிடம் அறிவதற்கான வானொலிப் பட்டை அது. 2023 மழைக்காலத்தில் பட்டைக்கு அடியில் சிலவற்றுக்குப் புண் கண்டதால், பட்டைகளைக் கழற்றிப் பரிசோதிக்க நேர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அங்கே நான்கு குட்டிகள் பிறந்தன. காக்கும் நோக்கத்தோடு கட்டிய பட்டைக்கும் கவனம் தேவை என்பதை இந்நிகழ்வு மறுபடியும் உணர்த்தியது.

மாணவருக்குச் சொன்ன விடை

இவற்றையெல்லாம் தொலைபேசியில் சொல்ல இயலாது. சுருக்கமாகச் சொன்னேன். பட்டையை மாட்டாதீர்கள், சில நாட்கள் உணவுத் தட்டின் அருகே வெறுமனே கிடக்கட்டும், அது முகர்ந்து பார்க்கட்டும். பின்னர் மாட்டி, விருப்பமான உணவு ஒரு துண்டு கொடுத்து, சில நிமிடங்களில் கழற்றிவிடுங்கள். நேரத்தை நாளுக்கு நாள் கூட்டுங்கள். படுத்துக்கொண்டால் இழுக்காதீர்கள், அன்றைய பாடம் முடிந்தது எனக் கொள்ளுங்கள். வீட்டுக்குள் பழகிய பின்பே கயிறு. அதையும் முதலில் அதன் போக்கில் இழுத்துச் செல்ல விடுங்கள். பிறகு நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் செல்லுங்கள். உங்கள் பின்னால் அதை வரவழைக்க எண்ணாதீர்கள். கழுத்தில் கட்டாமல் மார்பில் கட்டியது நல்லது. எல்லாப் பூனைகளும் இதை ஏற்பதில்லை, உங்களுடையது ஏற்காவிட்டால் சன்னலருகே ஒரு பலகை அமைத்துக் கொடுங்கள், அதுவும் இரக்கமே.

"அடிக்காமல் படியுமா, ஹஜ்ரத்?" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்டவர் யார் என்பதை நான் மறக்கவில்லை. முன் வரிசையில் அமர்ந்து என் பிரம்பை நன்கு அறிந்திருந்தவர்களில் ஒருவர் அவர். "அடித்தபோது நீங்கள் படிந்தீர்களா?" என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி, பிறகு சிரித்தார்.

ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து மீண்டும் அழைத்தார். பூனை இப்போது பட்டையோடு வீட்டு வாசலைக் கடந்து மின்தூக்கி வரை நடக்கிறதாம். கதவு திறக்கும் ஓசை கேட்டால் திரும்பி வீட்டுக்குள் வந்துவிடுகிறதாம். மேற்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார்.

"அது திரும்பும்போது நீங்களும் திரும்பிவிடுங்கள். நாளை அது இன்னும் ஓரடி போனாலும் போகும்" என்றேன்.